ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதினொரு வயது எலும்பு

மலைக்கு முதல் நியமனம் கிடைத்து வரும் இளம் வைத்தியர்களிடம் பேசச் சொல்லி என்னை இப்போது அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதே, "கொஞ்சம் உற்சாகமா ஏதாவது சொல்லுங்க மிஸ்" என்று வேண்டிக்கொள்கிறார்கள். சிறுவர் வைத்தியராகத் தலை நரைத்தவளிடம் உற்சாகமான கதைகள் இல்லாமலா போகும்? அவற்றைப் பிரிவுபசார விழாக்களில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது நினைத்த மாத்திரத்தில் எனக்கு இரத்தம் கொதிக்கும் ஒன்று. ஒரு பெயரைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளையை பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா கொழும்பில் கடை ஒன்றில் வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். அம்மா செல்வராணி கொழுந்து பறிக்கிறவர். அம்மாவின் தம்பி மோகனும் அவர்களோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தான். இருபது சொச்சம் வயது. பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவன்தான்.

ஒரு மழைக்காலக் காலையில், வகுப்பில் உட்கார்ந்திருந்த பவித்ராவின் வெள்ளைச் சீருடையில் இரத்தம் பட்டிருப்பதை ஆசிரியை கண்டார். பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த சிறிய வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மலையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அவர் வந்து நின்றார்.

அங்கே இருந்த வைத்தியர் சேவைக்குப் புதியவர். உங்கள் வயதுதான் இருக்கும். பிள்ளையைப் பார்த்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே வாங்கிலில் நெருக்கி உட்கார்ந்தபடி மருந்துக்கு வந்த சனம். அந்தக் கதவில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "யாரோ கை வச்சிருக்காங்க. வீட்டில ஆம்பிளைங்க யாரு இருக்கா?"

செல்வராணி என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல் பதில் சொன்னார். "எந்தம்பி மட்டுந்தாங்க."

அவ்வளவுதான். பிள்ளையை எங்கள் வைத்தியசாலைக்கு ஏற்றிய அம்பியூலன்ஸ் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் அந்த வார்த்தை போனில் தோட்டத்துக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதீர்கள். அவர் சந்தேகப்பட்டதில் குற்றமே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் இரத்தம் வந்தால், முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். நினைக்காமல் பனடோல் கொடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பேன். நினைத்ததை எங்கே நின்று, யார் காதில் விழ, எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பதுதான் என் கோபம். சந்தேகம் என்பது மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டிய ஒன்று. அவர் அதைத் தீர்ப்பாக்கி வாங்கிலில் இருந்தவர்களிடம் கொடுத்தார். அவர்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் நிறைவேற்றினார்கள்.

எங்களிடம் வந்தபோது பிள்ளையோடு ஒரு பொலிஸ் சார்ஜன்டும் வந்தார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். "மிஸ், ஆமாவா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், நான் என் வேலையைப் பார்க்கிறேன்" என்றார் சிங்களத்தில். வெளியே தோட்டத்து ஆட்கள் ஒரு லொறி நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே குடைகளும் தலைகளும். உள்ளே என் பயிற்சி வைத்தியர் ஒருவர், "மிஸ், ஏதாவது சொல்லி அனுப்பிருவோம், கூட்டம் கூடுது" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தெரிந்தால் சொல்வேன், தெரியும்வரை ஒரு வார்த்தை வராது" என்று சார்ஜன்டிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே நானும் ஒரு தாதியும் பிள்ளையும் மட்டும். அம்மாவைத் திரைக்கு அந்தப்புறம் உட்காரச் சொன்னேன். பவித்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"மிஸ், நா செத்துருவேனா?"

"இல்லம்மா. இது சாவுற வருத்தமே இல்ல."

"அப்பறம் ஏன் அம்மா அழுவுது?"

"பயந்துட்டாங்க. நீ சொல்லு, ஒன்ன யாராச்சும் வலிக்கிற மாதிரி ஏதாவது பண்ணாங்களா? யாரா இருந்தாலும் சொல்லலாம். ஒன்ன ஏச மாட்டாங்க."

அவள் நன்றாக யோசித்தாள். "சுரேசு என் கலர் பென்சில ஒடச்சான்" என்றாள்.

வேறு வேறு விதமாக, அவள் வாயில் எதையும் திணிக்காமல் கேட்டுப் பார்த்தேன். மாமாவைப் பற்றிக் கேட்டபோது, மழையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டுவார் என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். பயந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. நீங்களும் எடுக்கக்கூடாது. பிள்ளைகள் பயத்திலும் சிரிப்பார்கள். உடம்பைப் பார்த்தேன். ஒரு கீறல், ஒரு கன்றல் இல்லை. கண்ணுக்குப் பட்டவை வேறு. வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம். நெற்றியில் பருக்கள். மார்பு நன்றாகவே வளர்ந்திருந்தது. அது ஒரு நாளில் வருவதில்லை.

திரையை விலக்கி அம்மாவைக் கேட்டேன். "இது எப்பருந்து?"

"போன வருசத்துலருந்துங்க மிஸ். சதை போடுதுன்னு நெனச்சேன். வெளிய தெரியக்கூடாதுன்னு இறுக்கமா பெனியன் தச்சுப் போட்டேன். புள்ளைங்கள நிறுத்துப் பாக்க வர்ற மிஸ்கிட்டயும் சொன்னேங்க. பொரொயிலர் கோழி திங்கிறதுதான், நிப்பாட்டுன்னாங்க. கோழி, முட்டை, பால்மா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன்."

ஒரு வருடம். உடம்பு மூச்சுவாங்க வளர்ந்துகொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு ஒரு வருடமாக முட்டையும் பாலும் இல்லை. யாரோ ஒருவருக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால். "தெரியவில்லை, வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம்.

இடது கையை எக்ஸ்ரே எடுத்தோம். ஏன் கை என்று உங்களுக்குத் தெரியும்; மணிக்கட்டின் சின்ன எலும்புகள் பிள்ளையின் எலும்பு வயதைச் சொல்லும். படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்தேன். பிறப்புச் சாட்சிப் பத்திரப்படி ஏழு வயது. படத்தில் இருந்தது பதினொரு வயதுப் பிள்ளையின் கை. மூளையிலிருந்து பருவத்துக்கான கட்டளை நாலு வருடம் முன்னதாகவே புறப்பட்டிருக்கிறது. வந்த இரத்தம் அவளுடைய முதல் மாதவிடாய்.

சட்ட வைத்திய அதிகாரி பின்னேரம் வந்து தனியாகப் பார்த்தார். அவர் கண்டதும் அதேதான். பிறகுதான் செல்வராணியிடம் பேசினேன். "வெளிய நிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வருத்தத்தோட பேரச் சொல்லமாட்டேன். யாரும் எதுவும் பண்ணலைன்னு மட்டும் சொல்றேன். சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மிஸ்" என்றார். "சத்தமா சொல்லுங்க."

வாசலுக்குப் போனேன். என் குரல் பெரிய குரல். தமிழில் ஒருமுறை, சார்ஜன்டுக்காகச் சிங்களத்தில் ஒருமுறை சொன்னேன்: "இந்தப் பிள்ளைக்கு யாரும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. பிள்ளைக்கு வந்திருப்பது உடம்பில் ஒரு வருத்தம். வேறு எதையாவது சொல்கிறவர் என்னிடம் வந்து சொல்லட்டும்." சத்தமாகச் சொன்ன பொய்யை மெதுவாகத் திருத்த முடியாது. அதையாவது நினைவில் வைத்திருங்கள்.

யாரும் வந்து சொல்லவில்லை. குடைகள் ஒவ்வொன்றாக விலகின. தோட்டத்துத் தலைவர் ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப அந்தப் பையன..." என்று இழுத்தார்.

அந்தப் பையன் எங்கள் வைத்தியசாலையிலேயே, சத்திரசிகிச்சை விடுதிக் கட்டிலில் கிடந்தான். நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் சரிபார்த்துக்கொண்டிருந்தவனை, என்ன ஏது என்று கேட்காமல் அடித்திருக்கிறார்கள். தாடை உடைந்திருந்தது. வலது கை இரண்டு இடத்தில் முறிவு. நல்ல கையில் விலங்கு போட்டுக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள். சார்ஜன்டைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் கழற்ற வைத்தேன்.

வாயைத் திறக்க முடியாமல், பல்லுக்கிடையால் அவன் கேட்டான்: "பவி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா தம்பி. யாரும் எதுவும் பண்ணலைன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா" என்றான். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. விலங்கு கழன்ற கையால் அதைத் துடைக்கவும் இல்லை. "இனி நா அங்க போவமாட்டேன் மிஸ்."

போகவும் இல்லை. குணமான பிறகு வட்டவளையில் தெரிந்தவர் வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு, வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அடித்தவர்களில் ஒருவர் மேலும் வழக்கு இல்லை. "ஆத்திரத்தில நடந்தது" என்று முடித்துவிட்டார்கள். ஆத்திரத்துக்குக் காரணமான வார்த்தையைச் சொன்னவரை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பவித்ராவுக்கு அடுத்து வேண்டியது இரண்டு. மூளையில் கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேன் செய்து உறுதிப்படுத்துவது. பிறகு பருவத்தைத் தடுத்து நிறுத்தும் ஊசி. இரண்டுக்கும் கொழும்பில் ஒரு பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஹோர்மோன் துறையில் ஒரு பெரியவர் இருந்தார். செல்வராணிக்குத் துணையாக நானும் லீவு போட்டுக்கொண்டு போனேன்.

அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் அறிவாளி. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துத் தன் மாணவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். உடம்பைத் தாங்கும் வெறும் தூண் என்றுதான் நாங்கள் எலும்பைப் படித்தோம். இப்போது எலும்பும் ஒரு சுரப்பி என்கிறார்கள். ஒஸ்ரியோகல்சின் போன்ற ஹோர்மோன்களை அது இரத்தத்தில் விடுகிறது. சர்க்கரை, கொழுப்பு, பசி என்று தூரத்து உறுப்புகளோடெல்லாம் பேசுகிறது. முன்கூட்டியே பருவமடையும் பெண் பிள்ளைகளில் அந்தப் பேச்சு எப்படி மாறுகிறது, அது காரணமா விளைவா என்பதெல்லாம் இன்னும் தெளிவாகவில்லை. அவர் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் விளக்கியபோது எனக்கும் நேரம் போனது தெரியவில்லை.

பிறகு ஒரு தாதியைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையிடம் கூடுதலாக இரண்டு குழாய் இரத்தம் எடுங்கள், என் ஆய்வுக்கு" என்றார். தாதி பவித்ராவின் கம்பளிச் சட்டைக் கையை மடித்துவிட்டார். எதற்கு என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

"ஊசியை எப்போது தொடங்கலாம் டொக்டர்?" என்று கேட்டேன்.

நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலம். அந்த ஊசி கொஞ்சம்தான் வந்திருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையொப்பத்தில் இருந்தது. அவர் பவித்ராவை ஏற இறங்கப் பார்த்தார். அதுவரை சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு விளங்கக்கூடாது என்று ஆங்கிலத்துக்கு மாறினார். தோட்டத்து ஆட்கள் எப்படியும் குட்டைதானே, இவள் வளர்ச்சி சீக்கிரம் நின்றால் என்ன பெரிதாக நட்டம், அந்த ஊசியை உயரம் தேவைப்படுகிற பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றார். மாணவர்களில் ஒருவர் சிரித்தார்.

செல்வராணி என்னைப் பார்த்தார். "என்னாங்க மிஸ் சொல்றாரு?"

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். மழுப்பலாம். "மருந்து இப்ப இல்லையாம்" என்று சொல்லிவிடலாம். அந்த அறையில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் ஒரு கணம் தயங்கினேன். பிறகு அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். தன் பிள்ளையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தத் தாய்க்கு உரிமை இருந்தது.

செல்வராணி எழுந்தார். தாதியின் கையை மெதுவாக விலக்கினார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ரத்தமும் வேணாங்க" என்றார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குப் பயம், கோபம் இரண்டும்தான். இந்த மனிதரைப் பகைத்தால் ஊசி கிடைக்கவே கிடைக்காது. கெஞ்சினால் கிடைக்கலாம், ஆனால் அடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கும் இதே பதில்தான் வரும். பவித்ரா ஒவ்வொரு மாதமும் என்ன செய்வாள் என்று விளக்கினேன். தண்ணீர் வராத பாடசாலைக் கழிப்பறை. ஏழு வயது மூளையோடு, பதினொரு வயது உடம்போடு பஸ்ஸில் ஏறும்போது பார்க்கிற கண்கள். உயரம் அதில் ஒரு பகுதிதான் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி டொக்டர்" என்றேன். "மறுப்பை எழுதித் தாருங்கள்."

"என்ன?"

"தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, எப்படியும் குட்டையாகத்தான் இருப்பாள், ஆகவே ஊசி இல்லை. இப்போது சொன்ன அதே காரணம். எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். நான் போய்விடுகிறேன்."

"என்னை மிரட்டுகிறீர்களா?"

"இல்லை. நான் ஊருக்குப் போய் ஏன் மருந்து இல்லை என்று சொல்ல வேண்டும். இந்தக் காரணத்தை என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. காகிதத்தில் இருந்தால் காட்டிவிடுவேன்."

சிரித்த மாணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பேனாவை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். எழுதியது மறுப்பை அல்ல, ஊசிக்கான அனுமதியை. காகிதத்தை என் பக்கம் தள்ளும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

வாயால் மறுக்கிறவர்களிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அநியாயக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து வராது. ஆனால் அன்று வெளியே வந்தபோது எனக்கு வென்ற மகிழ்ச்சி இல்லை. ஒரு பிள்ளைக்கு உரிய மருந்தை வாங்க ஒருவரை வெட்கப்படுத்த வேண்டியிருந்தது. நான் கூட வராமல் செல்வராணி தனியாக வந்திருந்தால்? தனியாக வந்தவர்கள் எத்தனை பேர் "மருந்து இப்ப இல்லை" என்று கேட்டுக்கொண்டு ரயிலேறியிருப்பார்கள்?

ஊசி தொடங்கிய கையோடு அடுத்த சண்டை. பூண்டுலோயாவில் இருந்த பவித்ராவின் அத்தை, அப்பாவின் அக்கா, பூப்புச் சடங்கு வைக்கப் புறப்பட்டுவிட்டார். என் வாப்பா பூண்டுலோயாவில்தான் புடவைக்கடை வைத்திருந்தார். சடங்குக்குப் பட்டெடுக்க வரும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சந்தோசத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. அந்த அத்தை கிளினிக்குக்கே வந்து சொன்னார்: "ஊரு முழுக்கத் தெரிஞ்சு போச்சுங்க. சடங்கு வச்சு வீட்ல இருத்தலைன்னா நாளைக்கு யாரு பொண்ணு கேப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி திரும்பினார். கொழும்பில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர்.

"அண்ணி, எவன் பொண்ணு கேக்க வரப்போறான்? அவ ரெண்டாம் வகுப்பு. நேத்துதான் ஏழாம் வாய்ப்பாடு தப்பாச் சொல்லி டீச்சர்ட்ட அடி வாங்குனா. ஒங்க தம்பிகிட்ட நா பேசிக்கிறேன். நீங்க பட்ட எடுத்தீங்கன்னா நீங்களே கட்டிக்குங்க."

சடங்கு நடக்கவில்லை. "இப்படிப்பட்ட பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தலாமா" என்று கேட்ட பாடசாலை அதிபரிடம் நானே போனேன். அங்கே நான் பேசியதை இங்கே சொல்ல முடியாது. திங்கட்கிழமை பவித்ரா வகுப்பில் இருந்தாள்.

மாதாமாதம் ஊசி. இடையில் ஒருமுறை கையிருப்பு முடிந்து, பல இடங்களுக்கு போன் அடித்துத் தேடிப் பிடித்தோம். மாதவிடாய் நின்றது. எலும்பின் அவசரமும் தணிந்தது. அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் வயது மெதுவாக நடக்க ஆரம்பித்தது.

ஒரு வருடம் கழித்து அதே பெரியவரின் ஆய்வுக் குழுவிலிருந்து தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தாள். எலும்பு எந்த ஹோர்மோனைச் சுரக்கிறது, எதைத் தேடுகிறார்கள், எத்தனை தேக்கரண்டி இரத்தம் வேண்டும் என்று செல்வராணியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"இதனால எம்புள்ளைக்கு ஏதும் நல்லது நடக்குமா?" என்று அவர் கேட்டார்.

"இல்லக்கா. இவளுக்கு ஒண்ணும் இல்ல. பின்னால வர்ற புள்ளைங்களுக்கு ஒதவலாம். ஒதவாமயும் போகலாம்."

செல்வராணி பவித்ராவைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். "எடுங்க" என்றார். முதலிலேயே இப்படிக் கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதரிடம் கேளுங்கள் என்கிறேன்.

பதினொரு வயதில் ஊசியை நிறுத்தினோம். உரிய காலத்தில், தன் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவளானாள். அம்மாவைவிட உயரமாகவே வளர்ந்தாள். இதைக் கேட்டுக் கை தட்டத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு கடைசிப் பரிசோதனைக்கு வந்தாள். செல்வராணி மருந்து எடுக்கப் போயிருந்த நேரம், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். மோகன் மாமா ஏன் ஊருக்கு வர்றதே இல்ல? அம்மா சொல்லமாட்டேங்குது. லயத்துல கேட்டா எல்லாரும் வேற பக்கம் பாக்குறாங்க."

நான் அம்மா வரும்வரை காத்திருந்தேன். செல்வராணி என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். "சொல்லிருங்க மிஸ். என்னால முடியல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னேன். இரத்தம், திறந்த கதவு, அந்த வார்த்தை, உடைந்த தாடை. பவித்ரா அசையாமல் கேட்டாள்.

"என்னாலயா மிஸ்?"

"ஒன்னால இல்ல. ஒன் ஒடம்பாலயும் இல்ல. ஒரு டொக்டர் யோசிக்காமப் பேசுனதால. கேட்டவங்க யோசிக்காம அடிச்சதால."

"அந்த டொக்டர் மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்ல."

"கேக்கச் சொல்லுங்க" என்றாள். அழவில்லை. ஒரு வேலையை ஒப்படைப்பது போலச் சொன்னாள்.

அன்றே அவருக்கு போன் எடுத்தேன். சேவையில் நன்றாக உயர்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மோகனின் இலக்கம் தருகிறேன், ஒரு நிமிடம் பேசினால் போதும் என்றேன். "மிஸ், நான் சந்தேகத்தைச் சொன்னது என் கடமை. அடித்தது நான் இல்லையே. எவ்வளவு பழைய கதை" என்றார். அந்தப் பிள்ளைக்குப் பழையதாகவில்லை என்றேன். கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு எத்தனையோ முறை அழைத்தேன். என் இலக்கம் தெரிந்தால் எடுப்பதில்லை.

மன்னிப்புக் கேட்பதால் தாடை முன்போலாகாது என்று எனக்குத் தெரியும். பவித்ராவுக்கும் தெரியும். இருந்தும் விடுமுறை தோறும் போனில் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் அதையே கேட்கிறாள். "கேட்டாரா மிஸ்?" நானும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் இன்னும் இந்த மலையில்தான் சேவையில் இருக்கிறார். உங்களில் சிலர் அவருக்குக் கீழே வேலை செய்யப்போகிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். நோயாளியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிற ஒருவரைக் கண்டால், அவர் மேலதிகாரியாக இருந்தாலும் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்துங்கள். ஏன் சாத்தினாய் என்று அவர் கேட்டால், மோகன் என்று ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.